ஏழு யன்னலும் எட்டு யன்னலும்

எங்கள் கரையில் கல்யாணம் முடிந்தால் பெண் வீட்டைவிட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் சாமான் சட்டோடு பெண் வீட்டுக்கு வருவார். நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு அறைக்குள் இருந்தாலும், வருகிறவர் என்ன கொண்டுவருகிறார் என்பதில்தான் எங்கள் கண் இருக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு என் மாப்பிள்ளை ஒரு ட்ரங்குப் பெட்டியோடு வந்தார். சாய்ந்தமருதுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்றாம் நாள் அவர் வெளியே போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். சாறன் நாலு, வெள்ளைச் சட்டை மூன்று, கணக்குப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய துணியில் சுற்றிய ஒரு சாமான் இருந்தது. பிரித்தால், பச்சை நிறத்தில் ஒரு முழத்துக்கும் குறைவான தகரக் கோச்சிப் பெட்டி.

ரயிலை நாங்கள் கோச்சி என்றுதான் சொல்வோம். சொல்வோமே தவிர, கோச்சி எங்கள் பக்கம் வருவதில்லை. தண்டவாளம் மட்டக்களப்போடு நின்றுவிடும். அதுவரை நான் நிஜக் கோச்சியைக் கண்ணால் கண்டதில்லை. ஆக, நான் முதலில் பார்த்த கோச்சிப் பெட்டி என் மாப்பிள்ளையின் சாறனுக்கு அடியில் கிடந்ததுதான்.

அவர் வந்ததும் அதைக் கையில் தூக்கிக் காட்டினேன். "இதென்ன, பொறக்கப்போற புள்ளைக்கு இப்பவே விளையாட்டுச் சாமானா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அத வை. அது என்ட இல்ல."

"உங்கட இல்லாட்டி என்னத்துக்குக் கொண்டு வந்த?"

"என்டத்த காக்கா எடுத்திட்டுப் போயிட்டார்," என்றார். பெட்டியைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார்.

காக்கா என்றால் அவருடைய மூத்த சகோதரர். உடன்பிறந்தவர்கள் இரண்டே பேர்தான். காக்கா நிந்தவூரில் கல்யாணம் முடித்து அங்கே பெண் வீட்டில் இருந்தார், கடல் தொழில். ஒரே வயிற்றில் பிறந்த ஆண்பிள்ளைகள் இப்படி ஊருக்கொருவராகச் சிதறுவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இவர்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்பதை எனக்கு யாரும் கல்யாணத்துக்கு முன் சொல்லவில்லை. முழுக் கதையையும் அவரிடமிருந்து பிடுங்கி எடுக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவர்களுடைய வாப்பா சொந்தமாக ஒரு சின்னத் தோணி வைத்துக் கடலுக்குப் போனவர். குளமும் வாய்க்காலும் அளக்க வந்து கல்முனையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது, சாமான் கட்டி லொறியில் ஏற்ற வாப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு துரையின் மனைவி இரண்டு கோச்சிப் பெட்டிகளைக் கையில் கொடுத்தாளாம். துரை சிறு பிள்ளையாக இருந்தபோது விளையாடியவை, அப்போதே பழசு. எஞ்சினைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லைபோல. இழுக்க ஆளில்லாத இரண்டு பெட்டிகள் மட்டும் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தன. காக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இவருக்கு எட்டு. வாப்பா ஆளுக்கொன்று கொடுத்தார்.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே நீளம், ஒரே பச்சை, கூரைக்கு ஒரே மஞ்சள் கலந்த வெள்ளை. ஆனால் அண்ணனும் தம்பியும் விளையாடிய விதம் வேறு. காக்கா மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு யன்னல்களுக்குள் பார்ப்பாராம். யன்னலுக்கு ஒரு ஆள் வீதம் உள்ளே வெள்ளைக்காரர்களைத் தீட்டியிருந்தது. தொப்பி போட்டவர், பத்திரிகை படிப்பவர், குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை கட்டுவாராம். என் மாப்பிள்ளைக்கு அந்த ஆட்களில் அக்கறையில்லை. அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சில்லுகளை விரலால் சுழற்றி, எது அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார். அடையாளம் மாறாமலிருக்க, தன் பெட்டியின் அடித்தகட்டில் ஆணியால் ஒரு மீன் கீறியும் வைத்தார்.

சில வருஷங்களில் வாப்பா காய்ச்சலில் மௌத்தானார். இரண்டு பெட்டிகளையும் உம்மா உள்ளே எடுத்து வைத்தார். அதன் பிறகு இவருக்கு அவற்றைத் தொட மனம் வரவில்லை. காக்காவுக்கு நிந்தவூரில் கல்யாணமாகிப் புறப்பட்டபோதுதான் பெட்டிகள் மறுபடி வெளியே வந்தன. காக்கா தன்னுடையது என்று ஒன்றை எடுத்துப் போனார். மறுநாள் தம்பி மிஞ்சியதைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மீன் இல்லை.

அவ்வளவுதான். நேரே நிந்தவூருக்கு நடந்து போயிருக்கிறார். புது மாப்பிள்ளையாக, பெண் வீட்டார் நடுவில் உட்கார்ந்திருந்த காக்காவைப் பார்த்து "கள்ளன்" என்று சொல்லியிருக்கிறார். காக்காவின் பெட்டியை வாங்கிக் கவிழ்த்தால் மீன் அங்கே இருந்தது.

"என்ட பெட்டிக்கு எட்டு யன்னல். எண்ணிப் பாத்துத்தான் எடுத்தன்," என்றாராம் காக்கா. "நீதான் என்ட பெட்டியில மீனக் கீறியிரிக்காய்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். எங்களுக்குக் கல்யாணமானபோது அந்தச் சண்டைக்கு எட்டு வருஷமாகியிருந்தது. வளர்ந்த ஆம்பிளைகள் தகரப் பெட்டிக்காகவா இப்படி என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் அவரே சொன்னார். வாப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. தோணியை விற்றுவிட்டார்கள். வாப்பா தன் கையால் எடுத்து, "இது ஒனக்கு" என்று நீட்டிய சாமான் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதைக் காக்கா மாற்றிவிட்டார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

சாய்ந்ததோடு நின்றேனா? எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு கல்யாண வீட்டில் காக்காவின் மனைவியைக் கண்டபோது, பத்துப் பெண்கள் கேட்க, "என்ன மதினி, எங்கட கோச்சி உங்கட ஊட்ட நல்லா ஓடுதா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மதினி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். வீட்டுக்கு வந்து இதை என் மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் காக்காவுக்கு ஹஜ்ஜுக்குப் போக வாய்த்தது. அந்தக் காலத்தில் மக்கத்துக்குக் கப்பலில்தான் போகவேண்டும். போனால் வருவோமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, "அறிஞ்சோ அறியாமலோ செஞ்ச குத்தங்குறையப் பொறுத்துக்கங்க" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தொழுகையில் விட்ட குறையை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த குறையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. தெருவில் ஒருதரம் முறைத்துப் பார்த்தவன் வீட்டுக்குக்கூடப் போய்க் கேட்பார்கள். உடன்பிறந்த தம்பி வீட்டுக்கு வராமல் எப்படிப் போவது? பதினொரு வருஷத்துக்குப் பிறகு காக்கா எங்கள் படியேறினார்.

வெயிலில் கறுத்த பெரிய உடம்பு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் விறாந்தையிலேயே உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"தம்பி, நான் போறன்," என்றார். "என்னப் பொறுத்துக்க."

என் மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய், அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை எடுத்து வந்து காக்காவின் முன்னால் கவிழ்த்து வைத்தார். "மீன் எங்க? எடுத்தன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு காக்கா. இந்த எடத்திலயே பொறுக்கிறன்."

காக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எடுக்காதத்த எடுத்தன் எண்டு எப்பிடிச் சொல்லுற? பொய்யச் சொல்லி மன்னிப்ப வாங்கிக்கு மக்கத்துக்குப் போகச் சொல்றியா?"

"அப்ப போ."

காக்கா போய்விட்டார். தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. தெருமுனை திரும்பும்போது அவர் சால்வையால் முகத்தைத் துடைத்ததை நான் கண்டேன். அவர் பயணம் புறப்பட இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. தம்பியின் மனக்குறையோடு அந்த மனிதர் கப்பலேறினால் எந்த மனத்தோடு அங்கே நின்று துஆக் கேட்பார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அதுவரை என் மாப்பிள்ளை பக்கமே நின்றிருந்த எனக்கு, அன்றைக்கு முதல்தரம், இந்தப் பெரிய மனிதர் பொய் சொல்லவில்லையோ என்று பட்டது.

மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும் பெட்டியை எடுத்துக்கொண்டு, நான் சாறன் நெய்கிற தறிக்கு முன்னால் உட்கார்ந்தேன். மூன்று வருஷமாகத் தூசு தட்டிய சாமான்தான். ஆனால் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. யன்னலை எண்ணினேன். ஒரு பக்கம் ஏழு, மறுபக்கமும் ஏழு. காக்கா தன்னுடையதற்கு எட்டு என்றார். அப்படியென்றால் இரண்டும் ஒன்றுபோல இல்லை. கணக்கு வாத்தியார் இத்தனை வருஷமாக யன்னலை எண்ணவே இல்லை என்பதை நினைத்து அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு கவிழ்த்தேன். கோச்சிப் பெட்டி ஒரே வார்ப்பு அல்ல. மேல்கூடு வேறு, சில்லுகள் பூட்டிய அடித்தகடு வேறு. மேல்கூட்டின் விளிம்பில் சின்னச் சின்னத் தகர நாக்குகள் இருக்கின்றன. அடித்தகட்டில் அவற்றுக்கென்று கீறல்கள் வெட்டியிருக்கிறது. நாக்கைக் கீறலுக்குள் நுழைத்து மடக்கிவிட்டால் பூட்டு விழுந்தமாதிரி. அந்தக் கீறல்களை எண்ணினேன். எட்டு இருந்தன. நாக்குகளை எண்ணினேன். ஆறுதான் இருந்தன. இரண்டு கீறல்களில் நாக்கு இல்லை. கறுப்பாக ஏதோ பூசி அடைத்திருந்தது.

நெசவு தெரிந்தவளுக்கு இது சொல்லாமலே விளங்கும். தறி அச்சின் பல் ஒவ்வொன்றுக்கும் இழை உண்டு. ஒரு பல் வெறுமையாக நின்றால், ஒன்று இழை அறுந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாவு அந்த அச்சுக்குரியது அல்ல. இங்கே நாக்கு முறிந்த அடையாளம் ஒன்றும் விளிம்பில் இல்லை. மேல்கூடு அந்த அடித்தகட்டுக்கு உரியது அல்ல. அடித்தகட்டின் ஓரத்தில் தெரிந்த பச்சைகூட மேல்கூட்டின் பச்சையைவிட ஒரு சாயம் கடுமையாக இருந்தது. தலை ஒரு பிள்ளையுடையது, கால் மற்றப் பிள்ளையுடையது.

பிந்திய காலத்தில், பழைய விளையாட்டுச் சாமான் சேர்க்கிற கொழும்புக்காரர் ஒருவர் இந்தப் பெட்டியைப் பார்த்தார். செய்தவர்கள் ஒரே பெட்டியை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாற்றிச் செய்வார்களாம். முந்தி வந்ததற்கு ஏழு யன்னலும் ஆறு நாக்கும், பக்கத்தில் கையால் எழுதிய பொன்னிற எழுத்தும். பிந்தி வந்ததற்கு எட்டு யன்னல், எட்டு நாக்கு, அச்சுக் குத்திய எழுத்து. கொக்கியும் வேறு: முந்தியதற்கு வளைத்த கம்பி, பிந்தியதற்குத் தட்டைத் தகரம். இவ்வளவும் விளக்கிவிட்டு, "இத யாரோ கலந்து கெடுத்திட்டாங்க, இனி இதுக்கு மதிப்பில்ல" என்று உதட்டைப் பிதுக்கினார். கலந்தவர் யார் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு எனக்கு இந்த விபரமெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: மற்றப் பெட்டியில் இரண்டு நாக்கு மிஞ்சியிருக்க வேண்டும். பார்க்காமல் இதை அவரிடம் சொன்னால் முயலுக்கு மூன்று கால் என்பார். என் உம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பெட்டியை ஓலைக் கூடைக்குள் வைத்து மூடி, நிந்தவூருக்கு பஸ் ஏறினேன். கடற்கரை வீதியில் பஸ் ஓடிய நேரமெல்லாம் எனக்கு அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்புத்தான் காதில் கேட்டது.

மதினி கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. ஆனாலும் பாய் போட்டார், தண்ணீர் தந்தார். வீட்டுக்கு வந்தவர்களை என்ன செய்வது! நான் வந்த காரணத்தைச் சொல்லி, "உங்கட பெட்டிய ஒருக்காக் காட்டுங்க மதினி" என்றேன்.

"பெட்டி, பெட்டி!" என்றார் அவர். "அந்தப் பெட்டிக்காகத்தான் நான் உங்களோட கோவம் எண்டு நெனச்சிக்கு இரிக்கீங்களாகா? என்ட மூத்த புள்ள மௌத்தான அண்டு உங்கட ஊட்டிலரிந்து ஒரு ஆளும் வரல்ல. கள்ளன் எண்டு சொன்னத்த நான் எப்பவோ மறந்திட்டன். அத மறக்க ஏலாமக் கெடக்கு."

எனக்குக் கல்யாணமாகி ஆறாம் மாதம் அது நடந்தது. நாலு வயதுப் பெண்குழந்தை; மூன்று நாள் காய்ச்சல். காலையில் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். என் மாப்பிள்ளை சட்டையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "போனா என்ன சொல்லுவாங்க?" என்று என்னைக் கேட்டார். போங்க என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருப்பார். நான் சொல்லவில்லை. புதுப் பெண், மாப்பிள்ளையின் கௌரவம் பெரிதாகப் பட்டது. அன்றைக்கு அவர் பகல் முழுவதும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்.

மதினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் சொல்லியிருந்தா அவர் வந்திருப்பார் மதினி. குத்தம் என்டயும்தான். மறுகா கல்யாண ஊட்ட வெச்சி அந்தப் பேச்சும் பேசினன். என்னப் பொறுத்துக்கங்க," என்றேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அழுதோம். உம்மாவும் எங்களோடு சேர்ந்து அழுதார். பிறகு மதினி எழுந்துபோய் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

இரண்டையும் பாயில் பக்கம் பக்கமாகக் கவிழ்த்து வைத்தோம். மீன் அங்கே இருந்தது. சின்னப் பிள்ளை கீறிய கோணல் மீன். கீறல் ஆறு. நாக்கு எட்டு. போக இடமில்லாத இரண்டு நாக்கையும் உள்பக்கமாக மடக்கித் தட்டிப் படிய வைத்திருந்தது. அதிலும் விளிம்பெல்லாம் அதே கறுப்புப் பூச்சு. மதினி வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

காக்கா கடற்கரையிலிருந்து வந்தபோது நாங்கள் இன்னும் அப்படியே இருந்தோம். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே கிட்ட வந்து குந்தினார். அந்தக் கறுப்புப் பூச்சை நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தார்.

"இது கீல்," என்றார். தோணியில் ஓட்டை அடைக்கப் பூசுவது. "வாப்பா குங்கிலியத்தோட காச்சிற கீல்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். வாப்பா மௌத்தாவதற்கு முந்திய மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரையும் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது, "உங்கட கோச்சியெல்லாம் தண்ணியில நின்ட. கழட்டிக் கறள் சுரண்டி வெச்சிரிக்கன். இனி வெள்ளம் வந்தாலும் பயமில்ல" என்று வாப்பா சொன்னாராம். காக்கா யன்னலை மட்டும் எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தம்பி கவிழ்த்துப் பார்ப்பதற்குள் வாப்பாவுக்கே காய்ச்சல் வந்துவிட்டது. கடலில் தோணி ஓட்டுகிற மனிதருக்கு, ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெட்டிகளில் எந்தக் கூடு எந்த அடித்தகட்டுக்கு என்று எங்கே தெரியப்போகிறது? பொருந்தாத நாக்கை மடக்கி, மிஞ்சிய கீறலைக் கீலால் அடைத்து, பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்று பூட்டி வைத்துவிட்டார்.

காக்கா பெட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கீலை அழுத்திய இடத்தில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. அந்த அடையாளத்தில் தன் பெருவிரலை வைத்தார். அதைவிடப் பெரிய விரல் அவருடையது. "வாப்பாட கை சின்னக் கை," என்றார்.

எங்கள் பெட்டியோடு திரும்பி வந்து, அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் மாப்பிள்ளையிடம் சொன்னேன். நான் நினைத்தபடியே நம்பவில்லை. கீறலை எண்ணினார். நாக்கை எண்ணினார். தாள் எடுத்துப் படம் போட்டு மறுபடி எண்ணினார். பிறகு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். விடிந்ததும் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா, போவம்" என்றார்.

நிந்தவூரில் காக்கா இரண்டு பெட்டிகளையும் அவர் முன்னால் வைத்தார். என் மாப்பிள்ளை மீனைத் தடவிப் பார்த்தார். கீலில் பதிந்த விரலைப் பார்த்தார். காக்கா ஒரு சின்னக் கத்தியை எடுத்து, "கழட்டி உன்டத்த உனக்கும் என்டத்த எனக்கும் பூட்டுவமா தம்பி?" என்று கேட்டார்.

"வேணா," என்றார் இவர். "வாப்பா பூட்டினத்த நான் கழட்ட மாட்டன்."

"அப்ப என்னப் பொறுத்துக்கிறியா?"

என் மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்களே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"என்னத்தப் பொறுக்கிற?" என்றார் அவர், என்னைப் பார்த்தல்ல, காக்காவைப் பார்த்து. "நீ ஒண்டும் செய்யல்லயே காக்கா. நான்தானே உன்னக் கள்ளன் எண்ட. உன்ட புள்ளட மையித்துக்கு நான்தானே வரல்ல."

மதினி சுவரோடு சாய்ந்து நின்றார். காக்கா கத்தியை மடக்கிக் கீழே வைத்தார்.

"பகல் லுஹரோட புள்ளய அடக்கிரிக்கலாம்," என்றார். "பள்ளியில எல்லாரும் கேட்டாங்க, என்னத்துக்குச் சுணக்கிற எண்டு. நீ வருவாய் எண்டு அஸர் மட்டுக்கும் வெச்சிரிந்தன்."

நான் அந்த மனிதரோடு நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்தேன். அவர் வாய்விட்டு அழுததை அன்றைக்கு ஒருநாள்தான் கண்டேன். காக்காவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "பொறுத்துக்க காக்கா, பொறுத்துக்க" என்றார். எட்டு வயதுப் பிள்ளை அழுவதைப்போல விக்கி விக்கி அழுதார். காக்கா அவருடைய பிடரியைத் தடவிக்கொண்டே, "பொறுத்திட்டன்டா, பொறுத்திட்டன்" என்றார். மதினியும், "நானும் பொறுத்திட்டன் தம்பி" என்றார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அங்கே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் முகம் கழுவிக்கொண்டு வெளியே போனார்கள். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால், மௌத்தானவர்களை அடக்கும் மையவாடிக்குத்தான் போயிருக்கிறார்கள். சின்னக் கபுறுகள் அங்கே நிறைய இருந்தனவாம். இவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிள்ளையுடையது எது என்று காக்காதான் காட்ட வேண்டியிருந்தது.